ஜூலையில் அளந்த தண்ணீர்

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குப் பித்தம், ஒருவருக்கு மைத்துனன் வீட்டு விசேஷம். மத்திய அரசிடம் மானியம் வாங்கிக்கொண்டு குளிக்க வந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

1958-ல் நான் வடக்கே ஓர் அரசாங்க இன்ஜினீயரிங் கல்லூரியில் விரிவுரையாளன். தண்ணீர், குழாய், பம்பு இதெல்லாம் என் பாடம். பெயர் பால்வண்ணநாதன், சொந்த ஊர் கடையம். ஊரை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'பாவம், வெளியூர்க்காரர், அவருக்கு எப்படித் தெரியும்' என்று பிற்பாடு யாரும் எனக்காக இரக்கப்பட்டுவிடக் கூடாது. எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பிய அமைப்பின் பெயர் மூன்று வரி நீளம். வாரியம் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி ஓர் இயந்திரத்தை ஆராய்ந்து செய்ய வேண்டும். உள்ளூர்த் தொழில்காரர் ஒருவர் அதைத் தன் இடத்தில் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். செலவில் பாதி வாரியம், பாதி தொழில்காரர். கையிலிருந்து போட்டால்தான் அவருக்கும் அக்கறை இருக்கும் என்பது டெல்லியின் கணக்கு. கல்லூரி எதையும் போட வேண்டியதில்லை. எங்கள் பங்கு மூளை மட்டும். அக்கறை விஷயத்தில் டெல்லியின் கணக்கு எவ்வளவு சரி என்பதற்கு நானே அத்தாட்சி.

சுற்றறிக்கை பிரின்சிபாலிடமிருந்து துறைத் தலைவருக்கும், அவரிடமிருந்து எனக்கும் வடிந்தது. எனக்குக் கீழே யாரும் இல்லாததால் என்னிடமே தேங்கியது. நான் யோசித்தேன். எந்தத் தொழிலோடு சேர்ந்து என்ன ஆராய்ச்சி என்று யோசித்ததாகச் சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் நான் யோசித்தது, எங்கே ஆராய்ச்சி செய்தால் வருஷம் தவறாமல் சீசனுக்குக் குற்றாலம் போகலாம் என்பதைத்தான்.

ஆனால் யோசனை மோசமானதில்லை, அதையும் சொல்ல வேண்டும். அருவித் தண்ணீர் சிற்றாற்றில் விழுந்து, சிற்றாற்றிலிருந்து கால்வாய்களாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. போகிற வழியில் பத்தடி இறக்கம் கிடைத்தால் போதும். ஒரு சின்ன டர்பைனை, அதாவது இரும்பில் செய்த தண்ணீர்ச் சக்கரத்தை, வைத்து ஒரு அரிசி மில்லை ஓட்டிவிடலாம். எண்ணெய் இஞ்சின் வேண்டாம். 'அந்நியச் செலாவணி மிச்சமாகும்' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தேன். அந்த நாளில் அந்த வரியைச் சேர்த்தால் கழுதை வளர்க்கவும் மானியம் கிடைத்திருக்கும்.

பத்தடி இறக்கம் கிடைத்த இடம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் மேலகரம் தாண்டி, ஏசுவடியான் ரைஸ் மில்லுக்குப் பின்பக்கம். ஏசுவடியான் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மில்லை நடத்தியது அவருடைய மனைவி ஜெபமலர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலையில் எப்போதும் தவிட்டுப் பொடி. இஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, இஞ்சின் நின்ற பிறகும் அதே குரலில் பேசுவார்.

"கவர்மெண்டு எதுக்கு சார்வாள் எனக்குப் பாதி துட்டு தருது? அவ்வளவுக்கு நல்லவுகளா அவுக?"

"உங்க மில்லுல நாங்க ஆராய்ச்சி பண்ணப்போறோம்லா அக்கா, அதுக்கு."

"ஆராய்ச்சின்னா? அப்போ ஓடுமோ ஓடாதோன்னு உங்களுக்கே தெரியாது?"

அந்தக் கேள்வியைப் பிற்காலத்தில் எத்தனையோ நிபுணர்கள் கூடிய சபைகளில் நான் எதிர்பார்த்திருக்கிறேன். அவரைத் தவிர ஒருவரும் கேட்டதில்லை.

ஜூலையில் ஒரு வாரம், ஆகஸ்டில் ஒரு வாரம் கால்வாயை அளந்தேன். அளக்கிற முறை எளிது. இருபதடி தூரம் குறித்துக்கொண்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டை மிதக்கவிட்டால் காற்று தள்ளிவிடும். எலுமிச்சம்பழம் முக்கால்வாசி தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு, தண்ணீர் போகிற வேகத்திலேயே போகும். இளஞ்சாரல், மேலே மேகம், கையில் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் ஒரு கூடை எலுமிச்சம்பழம். காலையில் குளியல், பிறகு பழம், மத்தியானம் பிரானூரில் பரோட்டா, மறுபடி பழம். விஞ்ஞானம் இவ்வளவு சுகமானது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கரையில் ஒருவர் வந்து நின்றார். தோளில் மண்வெட்டி. கால்வாய்த் தண்ணீரை வயல் வயலாகத் திறந்துவிடவும் அடைக்கவும் ஊர் வைத்திருக்கிற நீர்ப்பாய்ச்சி அய்யாக்குட்டி.

"யாருக்கு சார்வாள் செய்வினை?"

"செய்வினை இல்ல அண்ணாச்சி. தண்ணி எவ்வளவு போகுதுன்னு அளக்கேன்."

"அதுக்கு என்கிட்ட கேட்டாப் போதும்லா. பழத்தை ஏன் வீணாக்குதீங்க?" உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். "இப்போ அளந்து என்ன செய்ய? ஆடியில யாரு வீட்டு வாய்க்கால்லதான் தண்ணி வராது? மாசிக்கு வாங்க. மாசிக்கு மேல முறைத்தண்ணிதான், ஆளுக்கு இத்தனை நாழிகைன்னு. பங்குனி அறுப்புக்கு மடையை அடைச்சிருவோம்."

"முழுசாவா?"

"பின்னே? வயலு காயணும்லா. காஞ்சாத்தான அறுக்க முடியும்."

நான் தலையாட்டினேன். கடையத்தில் எங்கள் வயலுக்குப் பக்கத்துக் கால்வாயில் பங்குனி மாதம் நாங்கள் சடுகுடு விளையாடியிருக்கிறோம். இந்த விஷயம் எனக்குப் புதிதா என்ன?

விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாவது பத்தியில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. மாதத்துக்கு ஒன்று, அந்தந்த மாதத்தில் விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் என்று எழுத வேண்டும். செப்டம்பர் முப்பது கடைசி நாள். என்னிடம் இருந்தது இரண்டு கட்டத்துக்கான எண். மீதிப் பத்துக்கு எங்கே போவது?

கல்லூரியில் வளைகோடு வரைய ஒரு செல்லுலாய்டு தகடு இருக்கும். பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். ஜூலைப் புள்ளியையும் ஆகஸ்டுப் புள்ளியையும் வைத்து, தகட்டை அப்படியும் இப்படியும் திருப்பி, ஒரு கோடு இழுத்தேன். அழகான கோடு. ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் ஏறி, கோடையில் பதமாக இறங்கி, மறுபடி ஏறியது. பங்குனிக் கட்டத்தில் விநாடிக்கு ஒன்பது கன அடி விழுந்தது. மில் ஓட ஒன்பது போதும். போதுமா என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கோட்டை இழுத்தேனோ என்னவோ. இன்றைக்குச் சத்தியம் கேட்டால் எனக்குத் தைரியம் இல்லை.

விண்ணப்பம் தேறியது. மார்ச் மாதம், நிதியாண்டு முடிவதற்குள், நிபுணர் குழு நேரில் வந்து கால்வாயைப் பார்வையிடும் என்று வாரியம் எழுதியது.

மார்ச் என்றால் பங்குனி.

அன்று நான் எழுதிய பதில் கடிதத்தின் கார்பன் நகலை இன்னும் வைத்திருக்கிறேன். 'மார்ச் மாதத்தில் இப்பகுதியில் வெயில் கடுமையாக இருக்குமாதலால் நிபுணர்களின் சௌகரியத்தை முன்னிட்டுப் பார்வையிடுதலை ஜூலைக்கு மாற்றிக்கொள்வது உசிதம். அச்சமயம் குற்றாலத்தில் சீசன்.' கடைசி வரிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வாரியத்திலிருந்து எட்டே நாளில் சம்மதம் வந்தது. எட்டு நாளில் வாரியம் எதற்கும் பதில் சொன்னதாக அதற்கு முன்னும் பின்னும் சரித்திரம் இல்லை.

1959 ஜூலையில் குழு வந்தது. ஐந்து பேர். இரண்டு நாள் ஐந்தருவி, ஒரு நாள் பழைய அருவி, அரை நாள் கால்வாய். தலைவர் தன் கையாலேயே ஓர் எலுமிச்சம்பழத்தை விட்டார். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஐந்து பேரும் கைதட்டினார்கள். தொழில் பங்குதாரர் தன் பங்கைச் செலுத்தலாம் என்று அன்றே உத்தரவு ஆயிற்று.

ஜெபமலர் அக்காவிடம் அந்தப் பங்குக்குக் கையில் ஒன்றும் இல்லை. எண்ணெய் இஞ்சின்தான் இருந்தது. அதை விற்பதற்கு முந்தின நாள் என்னைக் கேட்டார்.

"சார்வாள், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பங்குனியில ஓடுமா? எனக்கு மில்லுன்னா பங்குனிதான். பிசான அறுப்பு நெல்லு வந்து குமியும். மத்த மாசமெல்லாம் ஏதோ மாவு, மிளகா வத்தல்னு வண்டி ஓடும்."

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் ஹாஸ்யக்காரன். வாய் திறந்தால் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று பழகிப்போனவன்.

"ஓடலைன்னா நானே வந்து சக்கரத்தை மிதிக்கேன் அக்கா!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த உடம்பை வச்சுக்கிட்டா?" என்றார். மறுநாள் கீழப்பாவூரிலிருந்து ஒருவர் மாட்டுவண்டியோடு வந்து, தோட்டத்துக் கிணற்றுக்கு இறைக்க இஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார். வண்டி சாலை ஏறுகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். எனக்கு அன்றைக்கென்று ஒரு ஹாஸ்யமும் வரவில்லை.

கார்த்திகையில் டர்பைனைப் பூட்டினோம். அடடா, என்ன ஓட்டம்! வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் கால்வாய் நிறைய வந்தது. சத்தமே இல்லாமல் மில் ஓடியது. தவிடு புடைக்கிற பாலம்மாள், "என்னம்மா, ஊமை மில்லு மாதிரி இருக்கு" என்று பயந்தாள். மார்கழி, தை இரண்டு மாதமும் ஓடியது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துப்போனார். படத்தில் டர்பைனுக்கு முன்னால் நான் நிற்கிறேன். டர்பைன் தெரியவில்லை.

மாசி முடிவில் அக்காவிடமிருந்து முதல் கார்டு வந்தது. 'சார்வாள் அவர்களுக்கு. தண்ணீர் குறைவாக வருகிறது. சக்கரம் திணறுகிறது. தாங்கள் வந்து பார்க்கவும்.'

நான் பதில் போட்டேன். 'சருகு வடிக்கும் கம்பி வலையைச் சுத்தம் செய்யவும்.'

பங்குனி முதல் வாரம் இரண்டாவது கார்டு. 'வலை சுத்தமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் இல்லை. தாங்கள் வந்து பார்க்கவும்.'

'அச்சுக்கு கிரீஸ் போடவும்' என்று எழுதினேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. தண்ணீர் இல்லாத சக்கரத்துக்கு கிரீஸ்!

மூன்றாவது கார்டில் ஒரே வரி. 'கிரீஸ் போட்டாயிற்று.'

அதற்கு நான் பதில் எழுதவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள் முப்பத்தாறு. இரண்டு நாள் வேலை.

பிசான நெல் வண்டிகள் ஏசுவடியான் மில்லின் முன்னால் வந்து நின்று, பூட்டைப் பார்த்துவிட்டுப் பாவூர்ச்சத்திரத்துக்குத் திரும்பின. பாலம்மாள் செங்கோட்டையில் ஒரு முந்திரிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஜூனில்தான் தெரிந்தது. ஜூனில் ஏன் வந்தேன் என்று கேட்க வேண்டியதில்லை; சாரல் கட்டிவிட்டது.

மில்லுக்குப் போனேன். கால்வாய் நிறைய தண்ணீர். டர்பைன் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அரைக்க ஒன்றும் இல்லை. ஒரு மூட்டை வத்தல் மட்டும் கிடந்தது.

"வாங்க சார்வாள்," என்றார் அக்கா. "உங்க சக்கரம் நீங்க வாரது தெரிஞ்சு ஓடுது."

திட்டியிருந்தால் தேவலை. மோர் கொடுத்தார்.

1960 ஜூலைக் கூட்டம் பெரிய கூட்டம். இந்த மில்லின் வெற்றியை வைத்து, சிற்றாற்றுக் கால்வாய்களில் இன்னும் பதினோரு மில்லுகளுக்கு டர்பைன் கொடுப்பது என்று வாரியம் தீர்மானிக்கப்போகிறது. பதினோரு பேரும் பாதிப் பங்குக்குத் தயாராக இருந்தார்கள். அதாவது, பதினோரு எண்ணெய் இஞ்சின்கள் விற்பனைக்குத் தயாராக இருந்தன. அதில் ஒருவர் கடையத்தில் என் சொந்தத் தெருக்காரர். தீர்மானத்துக்கு ஒரே ஒரு காகிதம் பாக்கி. தொழில் பங்குதாரரின் அத்தாட்சி. அதை நான் தட்டச்சு அடித்துக் கொண்டுபோயிருந்தேன்; ஜெபமலர் அக்கா குழுவின் முன்னால் கையெழுத்திட வேண்டும். இது முடிந்தால் எனக்கு உதவிப் பேராசிரியர் பதவி என்று துறைத் தலைவர் ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

குற்றாலம் பயணியர் பங்களா. ஐந்து நிபுணர்களும் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, எண்ணெய் வாசனையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் மங்குஸ்தான் பழம். ஜன்னல் வழியாகச் சாரல் காகிதங்களை நனைத்தது. அக்கா ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

நான் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். இங்கிலீஷ்.

"இதுல என்ன எழுதியிருக்கு சார்வாள்?"

"டர்பைன் நல்லா ஓடுதுன்னு எழுதியிருக்கு."

"அது சரி. இத்தனை வரி இருக்கே. எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரிக்கு வந்தேன். "வருஷம் முழுவதும் திருப்திகரமாக இயங்குகிறது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மங்குஸ்தானைப் பார்த்தேன்.

"வருஷம் முழுக்கன்னா, பங்குனி அதுல உண்டா இல்லியா?"

"உண்டு அக்கா."

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து (தணித்த குரலும் அறை முழுக்கக் கேட்டது, ஆனால் நிபுணர்களுக்குத் தமிழ் தெரியாது) கேட்டார்: "நான் இதுல கையெழுத்துப் போடலைன்னா உங்க வேலைக்கு ஏதும் வந்துருமோ?"

நான் பேனாவை நீட்டியபடியே இருந்தேன். அவர் பேனாவை வாங்கி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, 'ஜெபமலர்' என்று போட்டுவிட்டார்.

தலைவர் கையை நீட்டினார். காகிதம் என் கையில் இருந்தது. அந்த மூன்று கார்டுகளும், கிரீஸ் போட்டாயிற்று என்ற அந்த ஒற்றை வரியும் எங்கிருந்தோ வந்து அந்தக் காகிதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டன. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எழுந்து நின்றேன். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் என் வாய் என்ன செய்யும் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"ஐயா, இந்த டர்பைன் பெரிய ரசிகன்," என்றேன் இங்கிலீஷில். "நம்மைப் போலவே சீசனுக்கு மட்டும்தான் குற்றாலத்தில் இருக்கும். மார்ச்சில் லீவு போட்டுவிட்டது."

ஐந்து பேரும் சிரித்தார்கள். தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பால்வண்ணநாதன் பேச ஆரம்பித்தால் நீரியல்கூட இனிக்கிறது" என்றார். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆகவே நான் சொன்ன ஒரே உண்மை குறிப்பில் ஏறவில்லை.

அக்கா என் சட்டைக் கையை இழுத்தார்.

"என்னத்துக்கு சார்வாள் சிரிக்காவ? என்ன சொன்னீங்க?"

"பங்குனியில மில்லு நின்னு போச்சுன்னு சொன்னேன் அக்கா."

அவர் அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அதுக்கா சிரிக்காவ?" என்றார்.

கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுவரை நான் சம்பாதித்த சிரிப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

காகிதத்தை மேஜைமேல் வைத்தேன். 'வருஷம் முழுவதும்' என்ற சொற்களை அடித்தேன். மேலே 'ஜூன் முதல் ஜனவரி வரை மட்டும். அறுவடைக் காலத்தில் கால்வாய் அடைக்கப்படுகிறது. ஒன்பதாவது பத்தியின் பத்துக் கட்டங்கள் அளக்கப்பட்டவை அல்ல' என்று எழுதினேன். அரசாங்கக் காகிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வேண்டும். நான் போட்டேன். அக்காவிடம் கொடுத்தேன்.

"இங்கன ஒரு 'ஜெ' போடுங்க அக்கா."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"பங்குனி இதுல இல்லைன்னு அர்த்தம்."

'ஜெ' போட்டார். தலைவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். முதலில் இதையும் ஹாஸ்யம் என்றுதான் நினைத்தார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. வாயால் சொன்னதற்குச் சிரித்தவர்கள், அடித்துத் திருத்தியதற்குத் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினோரு மில் விவகாரம் ஒத்திவைக்கப்பட்டது. மார்ச்சில் மறு ஆய்வு என்று தீர்மானம். மார்ச்சில் தங்களுக்கு வேறு அலுவல்கள் இருப்பதாக ஐந்து பேரும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

1961 மார்ச்சில் சென்னையிலிருந்து ஒரு சின்ன அதிகாரி வந்தார். ரத்தினம் என்று பெயர். கருப்புக் குடை, தோல் பை. தென்காசி ரயிலடியில் அவரை அழைத்துக்கொண்டு உச்சி வெயிலில் மில்லுக்குப் போனேன். அக்கா பூட்டிய மில் வாசலில், நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"மிதிக்க வந்தீங்களா சார்வாள்?"

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் கால்களைப் பார்த்தேன். ரத்தினம், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். "பழைய ஒப்பந்தம்" என்றேன்.

கால்வாயில் இறங்கினோம். மணல், சருகு, இரண்டு ஆடு. கரையில் அய்யாக்குட்டி அண்ணாச்சி. ரத்தினம் விதிப்படி நடக்கிற ஆள். இருபதடி அளந்து கோடு போட்டார். பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார்; செயல்முறைக் குறிப்பில் நான்தான் அப்படி எழுதியிருந்தேன். முதல் கோட்டில் வைத்தார். ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

பழம் வைத்த இடத்திலேயே கிடந்தது. மூன்று நிமிஷம் நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓர் ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"சைபர்னு எழுத மெட்ராஸ்ல இருந்து ஆளு வரணுமோ?" என்றார் அய்யாக்குட்டி. "ஏன் சார்வாள், அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி."

"கேட்டுமா?"

"கேட்டும்தான்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ரத்தினம் நல்ல மனிதர். எட்டு மாதம் டர்பைன், நாலு மாதத்துக்குத் துணையாக ஓர் எண்ணெய் இஞ்சின் என்று சிபாரிசு எழுதினார். வாரியம் பதில் எழுதியது: எண்ணெய் இஞ்சின் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டபடியால் அது ஆராய்ச்சியின் கீழ் வராது. பதினோரு மில்லுகளுக்கு டர்பைன் வரவில்லை; பதினோரு இஞ்சின்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடையத்துத் தெருக்காரர், வரவேண்டிய மானியத்தை நான் கெடுத்துவிட்டதாக இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவர் பேசாமல் இருப்பது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல். உதவிப் பேராசிரியர் பதவி என் ஜூனியருக்குப் போனது. அவனுடைய ஆராய்ச்சி கொடைக்கானலில்.

ஆனால் ஏசுவடியான் மில்லின் இஞ்சின் திரும்பி வரவில்லை. கீழப்பாவூர்க்காரரிடம் நானே போய்க் கேட்டேன். தோட்டத்தில் வாழை நின்றது. "தண்ணி இல்லாட்டி வாழை பட்டுப்போகும், எப்படித் தர?" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? 1963-ல் மேலகரம் பக்கம் கரண்டு வந்து அக்கா மோட்டார் பூட்டுகிற வரைக்கும், ஆக மொத்தம் நாலு பிசானம் அந்த மில்லுக்குப் போயிற்று. பாவூர்ச்சத்திரத்துக்குப் பழகிய வண்டிகளில் பாதி பழகினபடியே போய்க்கொண்டிருக்கின்றன. பாலம்மாள் செங்கோட்டையிலிருந்து திரும்பவில்லை.

நான் ஒவ்வொரு பங்குனியும் போகிறேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, பயணப்படி கிடையாது. சொந்தச் செலவில் மூன்றாம் வகுப்பு. 61, 62, 63 மூன்று வருஷமும் அக்காவின் வீட்டு நெல்லை வண்டியில் ஏற்றிப் பாவூர்ச்சத்திரம் கொண்டுபோய் அரைத்து வந்தேன். மூட்டை தூக்க எனக்குத் தெரியாது, "சார்வாள், நீங்க மூட்டையத் தூக்குதீங்களா, மூட்டை உங்களைத் தூக்குதா?" என்று வண்டிக்காரர் கேட்டார். கால்வாயில் இறங்கி, கோடு போட்டு, பழத்தை வைத்துப் பார்ப்பேன். ஒன்பதாவது பத்தியின் நகல் ஒன்று என் பையில் இருக்கிறது. பென்சிலில் இருந்த பத்து எண்களை ஒவ்வொன்றாக அழித்து, நேரில் பார்த்ததை மையில் எழுதிக்கொண்டு வருகிறேன். சில வருஷம் முன்னே பின்னே போனதில் மாசி, பங்குனி, சித்திரை ஆகிவிட்டன. யாருக்கு அனுப்புவது என்று தெரியாது. வாரியமே பெயர் மாறிவிட்டது என்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் அருவியில் குளித்ததில்லை. சபதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பங்குனியில் அருவியில் தண்ணீர் இருக்காது, அவ்வளவுதான்.

போன வாரம் அக்காவிடமிருந்து கார்டு வந்தது. வருஷா வருஷம் ஜூலையில் தவறாமல் ஒன்று போடுவார்.

'சார்வாள் அவர்களுக்கு. கால்வாயில் தண்ணீர் நிறையப் போகிறது. சாரல் நன்றாக இருக்கிறது. தாங்கள் வர வேண்டாம்.'